சம்பந்தி கொடுத்த உத்தரம்

அந்த உத்தரத்தை மேல் ஊரிலிருந்து இழுத்து வந்தது என் டிராக்டர்தான். அதனால் இதில் எனக்கும் பங்கு உண்டு. மற்றவர்களை ஏசுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

வசந்தப் புத்தாண்டான நவ்ரோஸ் கழிந்த மறுவாரம் சங்கின் வீடு கட்ட ஆரம்பித்தான். மாஸ்கோவில் பதினொரு வருஷம் சிமெண்ட் மூட்டை சுமந்தவன். தச்சனைக் கூப்பிடலாமே என்று நான் சொன்னதற்கு, "பத்து மாடிக் கட்டடத்துக்குச் செங்கல் தூக்கினவண்ணே நான். ஒரு மண் கூரை எனக்குப் பெருசா?" என்றான். செங்கல் தூக்கினவனுக்கும் கட்டடம் கட்டினவனுக்கும் வித்தியாசம் உண்டு என்று அன்றைக்கு யார் சொல்லியும் அவன் காதில் ஏறியிருக்காது.

எங்கள் ஓபிசர்த் மலையூரில் வீடு கட்டினால் கூலி கிடையாது. ஊரே கூடி வரும். ஒருவர் வைக்கோல் கொண்டுவருவார், ஒருவர் கைமரம் கொண்டுவருவார், ஒன்றுமில்லாதவர் இரண்டு கையையும் கொண்டுவருவார். நடு உத்தரம் மட்டும் சம்பந்தி வீட்டுச் சீர். சங்கினின் ஒரே மகள் சர்வினோஸை மேல் ஊர் பிர்னசர் வீட்டில் கொடுத்திருந்தது. பிர்னசர் தன் தோப்பில் நின்ற பெரிய பாப்ளர் மரத்தை வெட்டிச் செதுக்கி, நடுவில் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி சுற்றித் தயாராக வைத்திருந்தார்.

டிரெய்லரில் ஏற்றும்போது துணி கொஞ்சம் விலகியது. அடியில் ஒரு கணு, தேநீர்க் கிண்ணம் அகலம். அதைச் சுற்றி நார் முறுக்கிக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் ஊசி குத்தினமாதிரி பொடிப்பொடி ஓட்டைகள். விரலை வைத்தால் மாவு ஒட்டியது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை பிர்னசரும் பார்த்தார்.

"என்ன நுஸ்ரத், பாக்குற?"

"ஒண்ணுமில்ல. நல்ல நீளம்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று அப்போது மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாடு எனக்குக் கொடுத்ததுமில்லை. வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்தேன்.

உத்தரத்தைச் சுவரில் ஏற்றியபோது கணு மேல்பக்கம் வருகிறமாதிரி வைத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும். சுமை அதை அமுக்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் துணியின் முடிச்சு கணுமேல் இருந்தது. சம்பந்தி போட்ட முடிச்சு அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, பன்னிரண்டு பேர் 'பிஸ்மில்லா' சொல்லி உருட்டி, கணுவைச் சரியாகக் கீழ்ப்பக்கம் வைத்தார்கள். மேலே சுமை ஏற ஏறக் கீழ்ப்பக்கம்தான் பிய்ந்துகொண்டு போகும். அதன்மேல் கைமரம், குச்சி, நாணல், ஒரு சாண் மண், வைக்கோல் சேறு. இலையுதிர் காலத்தில் கூரை ஒழுகியது. பழைய மண்ணைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டியதை, சங்கின் அப்படியே மேலே இன்னும் நாலு விரல் சேறு பூசினான்.

இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே தாய்வீடு வந்துவிட்ட சர்வினோஸுக்குப் பிப்ரவரியில் அங்கே ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் பனி பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல், ஈரம் கோத்த கனமான பனி.

மூன்றாம் நாள் காலையில் நான் டிராக்டருக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சங்கின் மனைவி ஓய்னிசோ முழங்கால் பனியில் வந்து நின்றாள். தலைத்துணியெல்லாம் மாவு.

"அண்ணே, உங்க ஜாக்கி வேணும்."

"ஜாக்கியா? உங்க வீட்டுல வண்டியே இல்லையே. கழுதைக்கு டயர் மாத்தப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. "உத்தரம் பேசுதுண்ணே."

"மரம்னா கொஞ்சம் முனகத்தான் செய்யும்."

"முனகுறது எனக்குத் தெரியாதா? இது பல்லக் கடிக்கிற சத்தம். முந்தாநேத்து அடோலாக் கஞ்சி கிண்டி பொண்ணுக்கு ஊத்தினேன், கிண்ணத்துல மண்ணு விழுந்துச்சு. கரண்டியால எடுத்துப் போட்டேன். நேத்தும் விழுந்துச்சு. துணிய வெலக்கிப் பாத்தேண்ணே, கணுவுல விரிசல். கோதுமை மாவக் கெட்டியாப் பிசைஞ்சு விரிசல் மேல நாலு எடத்துல அப்பினேன். மாவு காஞ்சிடுச்சுல்ல, மரம் அசைஞ்சா அதுவும் விரிஞ்சிடும். காலைல பாத்தா நாலும் ரெண்டு ரெண்டா நிக்குது."

வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "சங்கின்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். மாவு காஞ்சா வெடிக்கத்தான் செய்யும்னாரு."

"பொண்ணையும் குழந்தையையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வா. இப்பவே."

"சில்லா முடியலையே! பதினோரு நாள்தான் ஆகுது. நாப்பது நாளைக்கு முன்னாடி பச்சைப் புள்ளையத் தூக்கிட்டு வாசப்படி தாண்டினேன்னு மேல் ஊருக்குத் தெரிஞ்சா போதும். இன்னொரு அறைல அடுப்பு கெடையாது, சொவத்துல ஐஸ் பூத்திருக்கு. ஒரு தூணு முட்டுக் கொடுத்தாப் போதும்ணே. மாட்டுக் கொட்டாய்ல காஞ்ச முசுக்கட்டைத் தூணு ஒண்ணு கெடந்துச்சு. அவருக்குத் தெரியாம நேத்து நானே இழுத்துட்டுப் போய் நிறுத்தினேன்."

"அப்புறம்?"

"ஒதைச்சுத் தள்ளிட்டாரு."

ஜாக்கியையும் ஒரு தட்டைக் கல்லையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

பெரிய அறையில், கனல் குழிமேல் போட்ட சந்தலி மேசையின் சூட்டில், ரஜாய்ப் போர்வைக்குள் காலை நீட்டி சர்வினோஸ் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. குழந்தையின் முகத்துக்கு மேலே இரண்டு கையாலும் ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அப்படியே பிடித்திருக்கிறாளாம். தாம்பாளத்தில் ஒரு பிடி மண் சேர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோபமும் வந்தது.

சங்கின் சுவரோரம் மண்வெட்டியோடு நின்றான். "ஜாக்கிய வெளிய வைங்கண்ணே."

"மேல பாருடா. உத்தரம் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்குக் கண்ணு இல்லையா? பத்து நாளாத் தெரியும்." குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிக்கிழமை தொட்டில் கட்டுறாங்க. பிர்னசர் வர்றாரு, மேல் ஊர்லருந்து இருபது பேர் வர்றாங்க. அப்ப அவரு கொடுத்த மரத்துக்குக் கீழ முட்டு நின்னா? 'சம்பந்தி, உங்க மரம் சொத்தை'ன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"சொத்தைதானடா!"

"அவரோட மூத்த மருமகளோட அண்ணன் அவரு குதிரைய நொண்டின்னு சொன்னான். உண்மைலயே நொண்டிதான். அதுக்காக அந்தப் பொண்ண ஒன்றரை வருஷம் தாய்வீட்டுல உக்கார வெச்சாரு. புள்ளைய மட்டும் எடுத்துக்கிட்டாரு. ஞாபகம் இருக்கா? என் பொண்ணுக்கு அந்தக் கதி வரணுமா?"

ஓய்னிசோ சீறினாள். "பொண்ணு இருந்தாத்தானங்க கதி வர்றதுக்கு!"

"ஏய், வாய மூடு! பனிய வாரிட்டா கனம் கொறஞ்சிடும். நான் மேல போறேன்."

"மண்ணு ஊறிக் கெடக்குடா," என்றேன். "பனி போனாலும் மண்ணு நிக்கும். அதோட உன் கனமும் சேரும்."

அவன் கேட்கவில்லை. ஏணி சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தலைக்கு மேலே அவன் காலடி. ஒவ்வொரு அடிக்கும் மண் சிந்தியது. சர்வினோஸ் தாம்பாளத்தைக் குழந்தைமேல் இன்னும் தாழ்த்தி, தன் முதுகையும் அதன்மேல் வளைத்துக்கொண்டாள். மேலே மண்வெட்டி ஒருமுறை குத்தியது. உத்தரம் பட்டென்று அதட்டியது. விறகு உடைகிற சத்தம் அப்படித்தான் இருக்கும்.

"எறங்குங்க!" ஓய்னிசோ கூரையைப் பார்த்து அலறினாள். "சங்கின், எறங்குங்க! புள்ளைங்க இருக்குங்க!"

நான் தட்டைக் கல்லைத் தரையில் போட்டு, அதன்மேல் ஜாக்கி, ஜாக்கிமேல் ஒரு மரக்கட்டை, அதன்மேல் உத்தரத்துக்கு எட்டுகிறமாதிரி சுவரோரம் கிடந்த கம்பு ஒன்றை நிறுத்தி அடிக்க ஆரம்பித்தேன். கை வழுக்கியது. ஜாக்கி அடிக்கிறவனுக்கு அவசரம் கூடாது. ஒரேயடியாகத் தூக்கினால் உத்தரம் தப்பிக்கும், கைமரமெல்லாம் எழும்பிச் சுவர் பிளந்துவிடும். ஓய்னிசோ மாவு அப்பிய விரிசலில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும்... இன்னும் ஒரு அடி... மெதுவாண்ணே... மூடுது. மூடுது. போதும், நிறுத்துங்க!"

பக்கத்தில், சங்கின் உதைத்துத் தள்ளிய முசுக்கட்டைத் தூணை நிமிர்த்தினோம். தூணின் தலை மெத்தென்ற மரத்தில் குத்தி இறங்காமலிருக்க நடுவில் ஒரு தடித்த பலகை, அடியில் கல், கல்லுக்கும் தூணுக்கும் இடையில் இரண்டு ஆப்பு. ஜாக்கியை இறக்கினேன். சுமை தூணுக்கு மாறியது. மண் சிந்துவது நின்றது. சர்வினோஸ் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, மரத்துப்போன கையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சங்கின் உள்ளே வந்தான். தூணைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். உதைக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"வெள்ளிக்கிழமை என்னண்ணே சொல்றது?"

ஓய்னிசோ தூணைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு பெட்டியைத் திறந்து தன் கல்யாணத்துப் பட்டுத்துணியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மேல் ஊர்க்காரர்கள் பனியை மிதித்துக்கொண்டு வந்தார்கள். பிர்னசர் முதலில் நுழைந்தார். அறைக்கு நடுவில் தூண் நின்றது. அடியிலிருந்து நுனிவரை பட்டு சுற்றி, கண்ணேறு கழிக்கும் ஸ்பந்த் செடிக் கொத்தும் நீல மணியும் தொங்க, மணப்பெண் மாதிரி. அவர் கண் தூணிலிருந்து மேலே உத்தரத்துக்குப் போனது, அங்கே நின்றது. சங்கின் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கிண்ணம் நிரம்பி வழிந்து துணியில் ஓடியது.

"இது என்ன தூணு, சம்பந்தி?"

ஓய்னிசோ முந்திக்கொண்டாள். "எங்க பள்ளத்தாக்குப் பழக்கங்க. நான் அந்தப் பக்கத்துப் பொண்ணுல்ல? தலைச்சன் பேரன் பொறந்தா வீட்டு நடுவுல தூணு நடுவோம். புள்ள தூணு மாதிரி நிக்கணும்னு."

அவளுடைய பள்ளத்தாக்கில் அப்படி ஒரு பழக்கமும் கிடையாது. நான் அங்கே ஆறு வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

பிர்னசர் தாடியைத் தடவினார். பிறகு, "நல்ல பழக்கம்," என்றார். தூணருகில் வந்து உள்ளங்கையால் அதைத் தட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்ல பழக்கம்." உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார். எல்லோருக்கும் உயிர் வந்தது. பெண்கள் தொட்டிலைக் கொண்டுவந்தார்கள், இனிப்பு வாரி இறைத்தார்கள், சோறும் இறைச்சியும் வந்தது. சாப்பிடும்போது பிர்னசர் சொன்னார்:

"இந்த உத்தரத்தோட ஜோடி எங்க வீட்டுல இருக்கு, தெரியுமில்ல? ஒரே மரம். அடிப்பாதி இங்க, நுனிப்பாதி அங்க. அந்த அறைலதான் என் பையனும் மருமகளும் படுக்குறது. பேரனும் இனி அங்கதான்."

ஓய்னிசோவின் கையிலிருந்த தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன். தன் பொய்யே தன் வாயை அடைத்துவிட்டது என்று அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. உத்தரம் நன்றாக இருக்கிறது, தூண் வெறும் சடங்கு என்று இருபது பேர் முன்னால் சொல்லியாயிற்று. இனி எந்த முகத்தோடு, உங்கள் வீட்டு மரத்தையும் பாருங்கள் என்பது?

அதற்கப்புறம் அவள் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. என் மனைவி ரொட்டி கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வாள். நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது, முப்பது, முப்பத்தைந்து. நாற்பது ஆனால் மகள் போயாக வேண்டும்.

நாற்பதாம் நாள் காலையில் தொட்டில், மெத்தை, மூட்டையெல்லாம் என் டிரெய்லரில் ஏறின. சர்வினோஸ் குழந்தையோடு ஏறி உட்கார்ந்தாள். கூட்டிப்போக வந்த மாப்பிள்ளை பக்கத்தில் நின்றான். ஓய்னிசோ வீட்டுக்குள் இருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, ஜாக்கிய எடுத்துட்டு வாங்க. தூணக் கழட்டணும்."

சங்கின் திகைத்தான். "உனக்குப் பைத்தியமா? இன்னும் கூரைல பனி இருக்கு. மண்ணு காயல."

"புள்ளயோட தூணும் போகணும். அதுதான் எங்க பழக்கம்."

"எந்தப் பழக்கம்டி! நீ கட்டினது!"

"நான் கட்டினத நானே நீட்டிக்கிறேன்." மாப்பிள்ளை காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் உதடு துடித்தது. "அங்க ஒரு முட்டும் இல்லைங்க. இந்த மரத்தோட மறுபாதி. நம்ம தலைல விழுந்தா ரெண்டு கெழடுங்க போகும். போகட்டும்."

சங்கின் தூணின் அடியைப் பிடித்துக்கொண்டான். ஜாக்கியை மறுபடி நிறுத்தி, சுமையை அதில் வாங்கி, ஆப்பைத் தட்டித் தூணை உருவினோம். ஜாக்கியை எடுக்கவில்லை. ஒரு முழ இரும்பு அந்தக் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றது. அதில் எண்ணெய்க் கசிவு உண்டு, எனக்குத் தெரியும். "மணிக்கொரு தடவ ரெண்டு அடி அடிச்சுவிடு," என்று சங்கினிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மேல் ஊரில் பிர்னசர் வாசலில் காத்திருந்தார். தூண் வருவதைப் பார்த்ததும், "நடு அறைல வை," என்றார். நீளமான தூண், கதவில் நுழைத்துத் திருப்ப இடம் போதவில்லை. சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்த ரஜாய் அடுக்கை அவர் மனைவி தடுப்பதற்குள் நான் நகர்த்தினேன்.

அடுக்குக்குப் பின்னால் ஒரு தூண் நின்றது.

பட்டைகூட உரிக்காத மரம். அவசரத்தில் வெட்டி நிறுத்தியது. அதன்மேல் அடுப்புப் புகை படிந்து, சிலந்தி வலை கட்டியிருந்தது. மேலே உத்தரம், அதே முறுக்கு நார், அதே ஊசி ஓட்டைகள்.

"என்ன நுஸ்ரத், பாக்குற?"

அதே குரல்தான். ஆனால் இந்தத் தடவை நான் நல்ல நீளம் என்று சொல்லவில்லை.

"தூணு பாக்குறேன். எப்ப வெச்சீங்க?"

அவர் மனைவி தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிர்னசர் கதவைச் சாத்தினார்.

"உருளைக்கிழங்கு தோண்டி முடிச்ச கையோட."

"அப்ப இலையுதிர் காலத்துலயே தெரியும். அவங்களுக்குச் சொல்லல."

"எப்படிச் சொல்றது? நான் கொடுத்த மரம் புழுத்ததுன்னா? ஊரே வந்து ஏத்தின மரம்டா."

"பச்சப்புள்ள அதுக்குக் கீழ கெடந்துச்சு! உங்க பேரன்!"

"தெரியாதா எனக்கு?" அவர் ரஜாய் அடுக்கில் சாய்ந்தார். "பனி கொட்டின மூணு நாளும் நான் தொழுகை விரிப்ப விட்டு எந்திரிக்கல. அன்னிக்கு அந்தத் தூணப் பாத்தப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. அந்தம்மா சொன்னது பொய்யின்னு அப்பவே தெரியும். அல்லா அந்தப் பொய்யிக்கு நன்மை எழுதட்டும்னு நெனச்சேன். நுஸ்ரத், இத அங்க சொல்லாத."

கொண்டுவந்த தூணை நடு அறையில் நிறுத்தி, பலகை வைத்து, ஆப்பு அடித்தேன். உள்ளே வந்த சர்வினோஸ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதன் அடியிலேயே குழந்தையைக் கிடத்தினாள்.

திரும்பி வந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. சங்கின் ஜாக்கிக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஓய்னிசோ எழுந்து ஓடிவந்தாள்.

"நிறுத்திட்டீங்களா? ஆடலையே? அவங்க உத்தரம் எப்படிண்ணே இருக்கு?"

வாயை மூடிக்கொண்டு ஒருமுறை இந்த வீட்டுக்கு நான் செய்தது போதும் என்று தோன்றியது. சொன்னேன். ரஜாய் அடுக்கு, பட்டை உரிக்காத தூண், உருளைக்கிழங்கு தோண்டிய மாதம், எல்லாவற்றையும் சொன்னேன்.

ஓய்னிசோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, தோள் குலுங்கியது. சங்கின் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தான்.

"இலையுதிர் காலத்துல கூரை பூசுறப்ப வந்தாருண்ணே," என்றான். "இங்கதான் உக்காந்து டீ குடிச்சாரு. மேலயே பாத்துட்டு இருந்தாரு. தன் மரத்தப் பாத்துப் பெருமைப்படுறாருன்னு நெனச்சேன்."

உத்தரம் ஒருமுறை முனகியது. அவன் இரண்டு அடி அடித்தான். பிறகு எழுந்து சந்தலி மேசைமேல் ஏறி, போன வசந்தத்திலிருந்து அங்கே தொங்கிய சிவப்பு வெள்ளைத் துணியை அவிழ்த்தான். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து, சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். கணுவும் விரிசலும் காய்ந்த மாவும் வெளியில் தெரிந்தன.

"கொட்டாய்ல இன்னொரு தூணு இருக்குண்ணே. பசுவக் கட்டுறது. ஒரு கை கொடுங்க."

இருவருமாகத் தூக்கிவந்து நிறுத்தினோம். இந்தத் தடவை ஆப்பை அவனே அடித்தான். தாம்புக் கயிறு அறுத்த தடமும் சாணிக் கறையுமாக அந்தத் தூண் அறைக்கு நடுவில் நின்றது. ஓய்னிசோ பெட்டியைத் திறந்து ஒரு துணியை எடுத்தாள்.

"சுத்தட்டுமா?"

"வேணாம்," என்றான் சங்கின். "அப்படியே நிக்கட்டும். வர்றவங்க பாக்கட்டும்."